சீமை மீனுக்குக் காவல் நின்ற ஓடை

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டேன். குரங்கணி வரை பத்து மைல் மாட்டுவண்டி; வாடகை ஒரு ரூபாய். அதற்கு மேல் ஏழு மைல் ஏற்றம், சொந்தக் காலை நம்ப வேண்டியதுதான். உச்சியைத் தாண்டி மூணாறுப் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் என் தங்கை பேச்சி குடியிருக்கிறாள். அவள் மகளுக்கு மலைக்காய்ச்சல் வந்து தெளிந்திருந்தது. நேர்த்திக்கடனாகக் காளியம்மனுக்கு முளைப்பாரி வளர்த்து, திருவிழாவுக்கு என்னை அழைத்திருந்தாள்.

மாலையில் போய்ச் சேர்ந்தேன். தங்கை கணவர் சுடலைக்கு உத்தியோகம் தோட்டத்து ஓடைக்குக் காவல். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து முட்டையாக வரவழைத்துப் பொரித்த மீன்களை அதில் விட்டிருக்கிறாராம். யாரும் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, குடம்கூட முக்கக் கூடாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிச் சனங்களுக்குக் குடிக்க மேட்டில் ஒரு சிறிய ஊற்று உண்டு. மீனுக்குக் காவல் போட்ட ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை, சிரித்துவிட்டேன். சுடலை சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நச்சுக்காயை நசுக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பார்கள், நுரையும் நாற்றமுமாகக் கிடக்கும் என்றார். இப்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. நான் மதுரை வைகைக் கரைக்காரன். எங்கள் ஆற்றில் மாடும் மனிதனும் சேர்ந்து குளிக்க, அதற்குக் கீழே குடிக்க மொள்வார்கள். துரை போட்ட தடையும் சரிதானோ என்று தோன்றியது.

மறுநாள் மாலை முளைப்பாரிச் சட்டிகளைத் தலையில் ஏந்திப் பெண்கள் குலவையோடு ஓடைக்கு வந்தார்கள். முதல் வரிசையில் பேச்சி. சுடலை கம்பைக் குறுக்கே நீட்டினார். சட்டி மண் கலந்து மீன் செத்தால் அவரைக் குடும்பத்தோடு மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"ஆத்தாளுக்கு வளத்த முளைய எங்க கொண்டுபோய்க் கரைக்கச் சொல்றீக?" என்றாள் பேச்சி.

சுடலை கம்பை எடுக்கவில்லை. சாமிக்கு வளர்த்த முளையை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போவதும் ஆகாது. கடைசியில் பேச்சி மேட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஆட்டுப்புழுக்கை கலந்த மண்ணோடு அத்தனை முளையும் ஊற்றில் கரைந்தது. சண்டையில்லாமல் முடிந்ததே என்று எனக்கு நிம்மதி.

வியாழன் காலை குழந்தை தண்ணீர் கேட்டது. பேச்சி ஊற்றுத் தண்ணீரைச் சேலைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டினாள். அப்படியும் கலங்கல் போகவில்லை. புழுக்கை வீச்சம் அடித்தது. சாமியைக் குறை சொல்வதா, துரையைச் சொல்வதா, என் தங்கையையா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவள் வெறுங்குடத்தைப் புருஷனிடம் தரவில்லை, என்னிடம் நீட்டினாள்.

சுடலை என்னோடு ஓடை வரை வந்தார். கரையில் நின்று, "மச்சான், நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். வெரசா மோந்துட்டுப் போயிருங்க" என்றார்.

முக்கும்போது ஒரு மீன் என் கையை உரசிவிட்டுப் போனது. மனிதப் பயமே அதற்கு இல்லை. இந்த மனிதர் காவல் நிற்காமலிருந்தால் இந்தத் தண்ணீரும் இப்படி இருந்திருக்காது. காவல் நிற்பதால்தான் நான் திருடிக்கொண்டிருந்தேன். மதுரைக்குத் திரும்பி மாதக்கணக்காகியும் எது நியாயம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று குழந்தை ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றது.