அக்கா தலைகீழாய்ப் போட்ட நாடகம்

என் அக்காவுக்கு முடிவு தெரியாத எதுவும் பிடிக்காது. கதைப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். வீட்டிலும் வழி சொல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டாள். முனைக் கடைக்குப் பால் வாங்கப் போகிற அத்தானுக்கே இடது, வலது சொல்லி அனுப்புவாள். அவரும் தலையாட்டிவிட்டு வழக்கமான வழியிலேயே போய் வருவார்.

அவள் பள்ளியில் ஆண்டுவிழா நாடகம் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். நாடகம் பாதி வருவதற்குள் இருட்டிவிடும். பள்ளி பஸ் டிரைவர்கள் ஒன்றுசேர்ந்து ஹாரன் அடிப்பார்கள். அவ்வளவுதான், சபை காலி. ஒரு வருடம் கதாநாயகனைக் குத்தக் கத்தியை ஓங்கிய வில்லன், ஹாரன் கேட்டதும் கத்தியோடு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

இந்த முறை பொறுப்பு அக்காவிடம் வந்தது. ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, வீட்டைவிட்டுப் படிக்கக் கிளம்புவதுவரை சொல்லும் தடித்த நாவல் ஒன்றை எடுத்தாள். ஒரு அத்தியாயத்தைக்கூட வெட்ட மனசில்லை.

"முடிவையாவது ஜனங்க பாக்கட்டும்டா" என்று கடைசி அத்தியாயத்தை முதலில் வைத்தாள். அடுத்தது அதற்கு முந்தையது. இப்படியே பின்னால் நடந்து தொட்டில்வரை. தலைமை ஆசிரியர் மறுக்கவில்லை. தொட்டில்வரை எங்கே வரப்போகிறது என்ற தைரியம் அவருக்கு.

கதாநாயகி அக்கா மகள் குட்டி. பேர்தான் குட்டி, நிலைப்படியில் தலை இடிக்கும். பள்ளி முடிக்கப் போகிறவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அத்தான் சரி என்றார், நான் சரி என்றேன், பெட்டிகூட வாங்கியாயிற்று. அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், "ஒத்திகைக்கு நேரமாச்சு" என்று நழுவினாள். அம்மா வாயால் 'போயிட்டு வா' என்று கேட்காமல் கிளம்பமாட்டேன் என்று குட்டி ஒற்றைக்காலில் நின்றாள். அழுத்தத்தில் அம்மாவும் மகளும் ஒரே அச்சு. இப்படியே போனால் இடம் கைவிட்டுப் போய்விடும்.

விழா அன்று, அம்மாவாக நடிக்க வேண்டிய மாணவிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் அக்காவே மேடை ஏறினாள். எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு, விளக்கும் என் தலையில், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் தலையில்.

முதல் காட்சி. அட்டையில் வெட்டிய வாசலில் தலை இடிக்காமல் குனிந்தபடி, பெட்டியோடு நின்றாள் குட்டி.

"போறேம்மா."

அம்மாவுக்கு ஒரே வசனம்தான். அக்கா சிலையாக நின்றாள்.

"போயிட்டு வா" என்று எடுத்துக் கொடுத்தேன். அசையவில்லை. உரக்கச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "எங்கப்பா போகச் சொல்றே?" என்று கேட்டார்.

குட்டி காத்துப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியேறினாள். அதை நடிப்பென்று நினைத்து ஜனம் கைதட்டியது. அக்கா மேல் வந்த கோபத்தில் நான் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் வரவே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பேச்சு இல்லை, அதனால் வெளிச்சம் மிச்சமிருந்தது. பொழுதுபோகாமல் டிரைவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹாரன் அடிக்க ஆளில்லை. தலைமை ஆசிரியருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

குட்டி முதலில் பரீட்சையில் தேறினாள், பிறகு பரீட்சை எழுதினாள், அதற்கப்புறம் படிக்க உட்கார்ந்தாள். காலில் கட்டோடு நொண்டி வந்தவள், அடுத்த காட்சியில் மரத்தில் ஏறினாள். "ஏறாதம்மா, விழுந்துருவே!" என்று ஒரு டிரைவர் எழுந்தே விட்டார்.

இப்படியாக, ஒத்திகையில்கூட எட்டிப் பார்க்காத தொட்டில் காட்சி வந்தேவிட்டது. தொட்டிலுக்குள் குட்டியின் இடுப்புதான் நுழைந்தது. கால்கள் ஸ்டூலில், தலை அம்மா மடியில், விரல் வாயில். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா தாலாட்டுப் பாட வேண்டும். பாடவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் நெற்றியில் விழுந்தது.

"போயிட்டு வா" என்றாள்.

பிறந்த குழந்தை வாயிலிருந்து விரலை எடுத்தது.

"சரிம்மா" என்றது.

கூரை பிய்ந்துபோகும்படி ஒரு சிரிப்பு. விளக்கை அணைக்க வேண்டிய இடம் அது, சுவிட்சில் கை வைத்தேன்.

"அணைக்காதடா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று மேடையிலிருந்தே சொன்னாள் அக்கா. அணைக்கவில்லை.

திரை விழுந்ததும் தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். "என்ன டீச்சர் இது? பொறந்த குழந்தையை எங்க அனுப்புறீங்க?"

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"காலேஜுக்கு சார்" என்றவள், குட்டி தொட்டிலிலிருந்து இடுப்பை உருவிக்கொண்டிருக்கும்போதே, ரயிலை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.