பாட்டில் மேஸ்திரி போட்ட தரை

“லாரியையே ஏத்துங்க! என் தரையில ஒரு தடம் விழுந்தா மீசையை எடுத்துடுறேன்” என்று பாட்டில் மேஸ்திரி ஒப்பந்தக்காரரிடம் சவால் விட்டபோது, அந்த மீசையும் கூடவே சிலிர்த்துக்கொண்டது.

குடிப்பழக்கமே இல்லாதவருக்கு வாய்த்த பட்டப்பெயர் அது. காலி பாட்டில்களை வாங்கி, மாவாக அரைத்து, சிமெண்டைக் கொஞ்சம் குறைத்து அதைக் கலப்பார். “மெதுவாத்தான் இறுகும். இறுகினா பாறை” என்பார். மாதிரித் தரை ஒன்றைப் போட்டுக் காட்டினால், அது பழுதில்லாமல் இருந்தால், பள்ளிக்கூட வராந்தா முழுவதும் அவருக்கே என்பது பேச்சு.

தன் வீட்டுப் பின்னறையிலேயே மாதிரித் தரை வேலையைத் தொடங்கினார். கோடியில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்வாங்க வேண்டும் என்பது சித்தாளுக்குக்கூடத் தெரியும். ஆனால் மச்சினன் கேமராவோடு வாசலில் நின்றானே! படத்தில் முகம் தெளிவாக விழ வேண்டாமா? மேஸ்திரி கலவைச் சட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டு வாசலிலேயே ஆரம்பித்தார். கடைசிச் சட்டியும் தீர்ந்து நிமிர்ந்தபோது முதுகு மூலைச் சுவரில் முட்டியது. எதிரே ஏரி மாதிரி ஈரத் தரை. ஜன்னலில் கம்பி.

“சாப்பிட வாங்க” என்று வந்த மனைவி, பார்த்ததும் புரிந்துகொண்டாள். “மாட்டிக்கிட்டீங்களா?”

“மாட்டல. மேற்பார்வை பாக்குறேன்.”

“பலகை போடவா மாமா?” என்றான் மச்சினன்.

“தடம் விழும்டா, பாவி!”

“எப்பதான் இறுகுமாம்?”

“அவசரப்படாத கலவை இது.”

“அப்ப சோத்து உருண்டையை வீசுறேன், பிடிச்சுக்கோங்க” என்றாள் மனைவி.

மேஸ்திரி சட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கலவையின் நிதானத்தைச் சபித்தார். பசியை மானம் தாங்கியது. காலையில் குடித்த சொம்புத் தண்ணீரைத்தான் தாங்கவில்லை. சட்டி கைவசம் இருந்தது உண்மைதான். ஆனால் மச்சினன் கேமராவோடு அசைவதாக இல்லை.

பொழுது சாயும்போது எழுந்தார், செருப்பைக் கழற்றினார், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். தடத்தை அழிக்கப் போனால் புதிதாக இன்னும் நாலு விழும். விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஒப்பந்தக்காரர் வந்து உளியால் கொத்திப் பார்த்தார். உளிதான் வழுக்கியது.

“பாறைதான்யா! வராந்தா உனக்குத்தான். ஆமா, இது யாரு கால் தடம்?”

மச்சினன் வாயைத் திறந்தான். அதற்குள் மேஸ்திரி, முகத்தைச் சுற்றியிருந்த துண்டை மெல்ல உதட்டுக்குக் கீழே இறக்கினார். மீசை இருந்த இடம் மழமழவென்றிருந்தது.