வெனீர்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி நடத்தும் ஆங்கில வகுப்பில் நேற்று ‘வெனீர்’ என்ற சொல் வந்தது. மட்டமான பலகைமேல் ஒட்டும் நல்ல மரத்தின் மெல்லிய தோல். ஜெர்மனிலிருந்து வந்த தச்சுச் சொல்லாம். உள்ளொன்று வைத்து வெளியே மினுக்கும் மனிதர்களுக்கும் சொல்வார்களாம். டீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு வார்னிஷ் வாடை அடித்தது.

என் சின்ன வயதில், வல்லக்கோட்டையில் என் சித்திக்குக் கல்யாணமான மறுநாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சீர்க் கட்டிலை டெம்போவிலிருந்து இறக்கியதும் அவள் மாமியார் சாவியால் சுரண்டினாள். அடியில் வெளுத்த பிளைவுட் தெரிந்தது. கடைக்காரன் ஏமாற்றியது தாத்தாவுக்கே அப்போதுதான் தெரியும்.

“இன்னா இது? தேக்குன்னு சொல்லிக்கினு தோல ஒட்டிக் குடுத்துகீறீங்க. திருட்டுக் குடும்பம்.”

தாத்தா கைகூப்பினார். சித்தி அந்தக் கைகளைப் பிரித்து இறக்கினாள்.

“உங்க புள்ள கம்பெனில பர்மனென்ட்டுன்னு சொன்னீங்க அத்த. கான்ட்ராக்ட்டுன்னு எனக்கு நிச்சயத்தன்னிக்கே தெரியும். நான் சொரண்டிப் பாக்கல.”

கட்டிலைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு, சித்தி டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு மறுபடி போகவேயில்லை.

வகுப்பில் எல்லோரையும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்றார் டீச்சர். நான் அந்த மாமியாரின் பெயரை முழுசாக எழுதினேன்.