ஒற்றைக் காதுக்கு ஒன்பது பாட்டுகள்

காலையில் எழும்போதே வலது காது அடைத்த மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்து, குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினேன். பூதப்பாண்டியில் பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி, அங்கிருந்து அஞ்சுகிராமம் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போக வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். போகிற வழிக்குள் ஒரு ஆல்பம் முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம். பல வருடமாக நான் கேட்பது பெரும்பாலும் ஒரே ஆல்பம்தான்.

அன்றைக்கு முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை. ஐந்தாவது பாட்டு வந்தபோது தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதில் இரண்டு கிட்டார். இடது பக்கம் ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். வலது பக்கம் இருப்பது அதற்குப் பதில் சொல்லும். பதில் வரவில்லை. இயர்போன் கெட்டுவிட்டது என்று வயரை ஆட்டிப் பார்த்தேன். பிறகு இரண்டையும் மாற்றி மாட்டினேன். பதில் சொல்லும் கிட்டார் இடது காதில் நன்றாகவே கேட்டது. இப்போது கேள்வி கேட்கும் கிட்டாரைக் காணவில்லை. கெட்டுப்போனது இயர்போன் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பஸ் சுசீந்திரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. வயரைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன்.

அந்த ஆல்பம் எனக்கு வெறும் பாட்டு இல்லை. அதை உருவாக்கியவன் என் கல்லூரித் தோழன். முட்டத்துக்காரன். மாதா கோவில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த நாலு பையன்களைச் சேர்த்து, அவன் வீட்டு மாடி அறையில் ஒன்பது ராக் பாட்டுகளைத் தமிழில் பதிவு செய்தான். டிரம்ஸ் சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது என்று, அப்பாவின் பழைய மீன் வலைகளைக் கூரைவரை அடுக்கி வைத்தான். மொத்த அறையும் உப்பு நாறும். அந்த டிரம்ஸில் ஒரு கனம் உண்டு, அடி விழுந்ததும் நின்றுவிடும், இழுபடாது. அது வலைகள் தந்த சத்தம் என்று எனக்குத் தெரியும். சனி ஞாயிறுகளில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் என் வேலை. "உனக்கு நல்ல காது மக்கா, சும்மா இருந்து கேளு, சலிச்சா சொல்லு" என்பான்.

பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று பாடகனுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. அடித்து நொறுக்கும் பாட்டை முதலில் போட வேண்டும் என்றான் பாடகன். என் தோழன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளு உள்ள வந்து செருப்பக் கழத்தட்டும்லே. வாசல்லயே கத்தினா அவன் திரும்பிப் போயிருவான்" என்றான். மெதுவான பாட்டு முதலில் வந்தது. அடித்து நொறுக்குவது ஏழாவதாகப் போனது. அதற்கு முந்தைய பாட்டை வேண்டுமென்றே சத்தம் குறைத்து, கொஞ்சம் மங்கலாக வைத்தான். அந்த மங்கலிலிருந்து ஏழாவது பாட்டுக்குள் போகும்போது, இருட்டு அறையிலிருந்து மத்தியான வெயிலுக்குள் இறங்கிய மாதிரிக் கண் கூசும்.

யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இணையத்தில் போட்டார்கள், தெரிந்தவர்கள் பாராட்டினார்கள், அதோடு சரி. பாடகன் கத்தாருக்குப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். நான் மட்டும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனேன். மாத்திரை, பிறகு காதுக்குள் ஊசி, பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஒரு பரிசோதனை, திரும்பவும் அதே பரிசோதனை. "சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது. ஏன்னு எங்களுக்கும் சரியாத் தெரியாது" என்றார் டாக்டர். நேர்மையான மனிதர். எனக்கு வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே சாயங்காலத்துக்குள் களைத்துப்போவேன். வீட்டுக்கு வந்தால் மனைவி வலது பக்கமிருந்து ஏதாவது சொல்லுவாள், பதில் வராது, பிறகு சுற்றி வந்து இடது பக்கம் நின்று, "காப்பி வேணுமான்னு கேட்டேன்" என்பாள். அவளுக்கும் அலுப்புதான். அதை அவள் காட்டிக்கொள்ள மாட்டாள்.

என் மகள்தான் போனில் ஒரு வசதியைக் காட்டினாள். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே காதில் தரும். "இனி முழுசாக் கேட்கலாம்பா" என்றாள். ஆசையாகத்தான் மாட்டினேன். ஐந்தாவது பாட்டில் இரண்டு கிட்டாரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, எது கேள்வி எது பதில் என்று தெரியாமல் ஒரே இரைச்சலாகிவிட்டது. ஆறாவது பாட்டில் கோவில் குழுவின் பெண்கள் கூட்டமாகப் பாடும் ஒரு இடம் உண்டு. அந்த இடம் வந்தது, டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, பெண்களைக் காணவில்லை. பின்னோக்கித் தள்ளித் திரும்பக் கேட்டேன். இல்லை. "எப்படி இருக்குப்பா?" என்று மகள் கேட்டாள். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை முட்டம் போனேன். தோழன் இப்போது கல்யாண வீடியோக்களுக்கும் கோவில் பாட்டுகளுக்கும் ஒலி சேர்த்துக் கொடுக்கிறான். மாடி அறையில் வலைகள் இல்லை, கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தான். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தூங்கி எவ்வளவு நாளாயிற்றோ. விஷயத்தைச் சொன்னேன். அவன் என் காதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது பாட்டைப் போட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்டான். பெண்கள் மறைந்ததும் தலையில் கை வைத்தான்.

"அந்தச் சத்தத்த அகலமாக் காட்டணும்னு ஒரு வேல பண்ணினேன் மக்கா. ஒரு பக்கம் அலை ஏறும்போ மத்தப் பக்கம் இறங்கும். ரெண்டு காதுல கேட்டா அறை முழுக்கப் பரவும். ஒண்ணாச் சேத்தா ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"சரி, விடு" என்றேன். "பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"என்னத்த விட? இரி. கடுங்காப்பி போட்டுட்டு வாறேன்."

பழைய கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்தான். எட்டாவது பாட்டு மட்டும் திறக்கவே இல்லை. மற்றவற்றைத் திறந்து, பெண்கள் குரலுக்குச் செய்திருந்த வேலையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தான். ஒரு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மற்றதில் மட்டும் கேட்டோம். அவனும் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டான். ஐந்தாவது பாட்டில் இரண்டு கிட்டாருக்கும் பக்கம் இல்லை என்றால், தூரம் கொடுக்கலாம் என்றான். கேள்வி கேட்கும் கிட்டாரின் கீழ்ச்சத்தத்தைச் சீவி எடுத்து முன்னால் நிறுத்தினான். பதிலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, அறையின் கடைசி மூலைக்குத் தள்ளினான். அதுவரை பக்கத்துச் சீட்டில் இருந்து பதில் சொன்ன கிட்டார் இப்போது அடுத்த வீட்டிலிருந்து சொன்னது. கேட்டது, அதுவே போதும் என்று இருந்தது.

வெயில் சாயும்போது அவன் வரிசையைப் பற்றி ஆரம்பித்தான். மூன்றாவது பாட்டு வலது பக்கமாக நழுவி மறைய, நாலாவது இடது பக்கமிருந்து தொடங்கும்படி செய்திருந்தானாம். இனி அந்தச் சேர்க்கைக்கு அர்த்தம் இல்லை. "உனக்குன்னு வேற வரிசை போடுகேன். நாலாவது பாட்ட கடைசிக்குக் கொண்டு போவமா?"

"வேண்டாம்லே. புதுசா ஒரு வரிசை படிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவிலிருந்த மௌனத்தை மட்டும் சுருக்கினான். மூன்றாவது பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்குமுன் நாலாவது பாட்டின் மூச்சு வந்துவிட்டது. அவனே அதைத் திரும்பப் போட்டுக் கேட்டான். "முன்னயே இப்பிடி வச்சிருக்கணும்" என்றான். எட்டாவது பாட்டைப் பழையபடியே, பாதிதான் கேட்கும் என்று தெரிந்தே, அதன் இடத்தில் விட்டோம். வாசலில் நின்றபோதுதான் என் காதைக் காட்டி, "வலிக்குதா?" என்றான். வலி இல்லை என்றேன்.

அவன் போனில் ஏற்றித் தந்த புதுப் பதிவைத் திரும்பும் பஸ்ஸில் கேட்கலாம் என்று மாட்டினேன். ராஜாக்கமங்கலம் வருமுன் தூங்கிவிட்டேன். நாகர்கோவிலில் நடத்துநர் வந்து தட்டி எழுப்பியபோது ஆல்பம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில்தான் முழுதாகக் கேட்டேன். பழைய ஆல்பம் இல்லை. அறை சின்னதாகிவிட்டது, எல்லோரும் என் முன்னால் வரிசையாக நின்று வாசித்தார்கள். ஆறாவது பாட்டில் பெண்கள் நேராக, முகத்துக்கு எதிரே வந்து பாடினார்கள். அவர்களில் ஒருத்தி மற்றவர்களுக்குக் கொஞ்சம் பிந்திப் பாடுவது கேட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரிந்ததே இல்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கித் தோழனைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒருத்தி பிந்திப் பாடுகா, கேட்டியா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும். அது தெரியக்கூடாதுன்னுதான் அகலமாப் பரத்தி வச்சேன்." கொட்டாவி விட்டான். "மாத்தித் தரவா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

"அப்ப சரி. நான் கொஞ்சம் கண் அயருகேன்" என்று வைத்துவிட்டான். முதல் மணி அடித்தது. ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.