நாகரத்தினத்தின் குலசாமி

சுந்தரபாண்டிக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அதுதான்: அருப்புக்கோட்டை பழைய சினிமா ரசிகர் மன்றத்தின் விருதுக் குழு உறுப்பினர். பிறந்தது மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு வானம் பார்த்த ஊர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, ஆடு பிடித்துக்கொண்டது. பிறகு உடம்பு தாங்குகிற வரைக்கும் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்தார். லாரியில் லோடு ஏற்றிவிட்டு மூக்கைச் சிந்தினால் மை வரும். அந்த மனுஷன் பெயர் நோட்டீஸில் வரப்போகிறது என்றதும் மனைவி பெத்தம்மாள், "கல்யாணப் பத்திரிக்கைக்குப் பெறகு இப்பத்தான் ஒங்க பேரு அச்சுல ஏறுது" என்று சிரித்தாள்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் செட்டுப் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடி வாய் வலிக்கப் பேசுகிற வயசாளிகள். இந்த வருஷம் தலைவர் சங்கரலிங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது. அந்தக் காலத்தில் விருது கிடைக்காமல் போன நடிகர்களுக்கு நாமாவது கொடுப்போம் என்றார். நாயகன், நாயகி, வில்லன், துணை வேடம் என்று ஒவ்வொன்றுக்கும் குழு மூன்று பெயர்களைச் சொல்லும். விழா நாளில் கூடுகிற சனம் கை தூக்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த நடிகர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள். போட்டோவுக்கு மாலை போட்டுக் கேடயத்தைப் பக்கத்தில் வைப்பார்கள்.

சுந்தரபாண்டி மனதில் ஒரே பெயர்தான் இருந்தது. டி. எஸ். நாகரத்தினம். கதாநாயகி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, மாமியார், பால்காரி என்று வந்து போகிறவள். ஒரு படத்தில் அவளுடைய மகன் செத்துவிடுவான். மற்றவர்கள் மாரடித்து அழ, அவள் அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்து தின்பாள். கண்ணில் ஒரு சொட்டு வராது. வாய் பாட்டுக்கு மெல்லும்.

சுந்தரபாண்டியின் அண்ணன் கிணற்றில் விழுந்து செத்த அன்று, அவருடைய அம்மாவும் அப்படித்தான் கம்மங்கூழைக் குடித்தாள். "கல்நெஞ்சுக்காரி, புள்ளைய அனுப்பிட்டு கும்பாவக் காலி பண்ணுறா பாரு" என்று ஊர் பேசியது. அவரும் அம்மாவோடு பேசுவதை விட்டார். அவள் கட்டிக் கொடுத்த சோற்றை ஆட்டுக்குப் போட்டார். அப்புறம் டூரிங் கொட்டகையில் அந்தப் படம் வந்தது. நாகரத்தினம் சோற்றை மென்றுகொண்டே இருக்க, மணலில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கையிலிருந்த கடலை மறந்துபோனது. அழ முடியாதவளும் அம்மாதான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாகரத்தினம்தான் தின்று காட்டினாள். வீட்டுக்குப் போனதும், "அம்மா, பசிக்கி" என்றார்.

அந்தக் கடன் ஒன்று மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. மூன்று பேரில் ஒருத்தியாக அவள் பெயரை ஒரு தடவை மைக்கில் கேட்டால் போதும்.

முதல் கூட்டத்தில் கதையைச் சொல்லி முடித்ததும் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் முனீஸ்வரன்தான் வாயைத் திறந்தான்.

"நல்ல நடிப்புத்தாண்ணே. அந்தம்மா எந்த ஊரு?"

"தெரியலையேப்பா. படத்துல பாத்ததுதான்."

"யாரு வீட்டு ஆளுகன்னாச்சும் தெரியுமா?"

சுந்தரபாண்டிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, "அவுக வீட்டு ஆளுகதான்" என்றார்.

சங்கரலிங்கம் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "முனீசு கேக்குறதுலயும் ஞாயம் இருக்கு சுந்தரபாண்டி. நாயகனுக்குச் சொன்னோம், ரெண்டு நம்ம பக்கம், ஒண்ணு முனீசு பக்கம். வில்லனுக்கு அவுகளுக்கு ரெண்டு விட்டுக் குடுத்தோம். நாளைக்கி ஒருத்தன் கொற சொல்லப்படாதுல்ல? அந்தம்மா குலசாமி எதுன்னு விசாரிச்சிட்டா விசயம் முடிஞ்சிது."

இந்தப் பக்கத்தில் ஒருவரை நேராக 'நீ என்ன ஆளு' என்று கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு என்பார்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால் குலசாமி எது என்பார்கள். பொண்ணு பார்க்கப் போனாலும் அதே கேள்வி, வாடகைக்கு வீடு கேட்டாலும் அதே கேள்வி. செத்துச் சாம்பலாகிப் போன நடிகையிடமும் அதையே கேட்பார்கள் என்று சுந்தரபாண்டி நினைக்கவில்லை. குடிக்கிற கஞ்சியில் பல்லி கிடந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பெயர் ஏற வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

விசாரணைக்கு ஆள் போனது; ஒரு துப்பும் கிடைத்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கண்மாய்க் கரையில் ஓர் அய்யனார் கோயில். அங்கே தொங்கிய பெரிய வெண்கல மணியில் 'டி. எஸ். நாகரத்தினம், மதராஸ், உபயம்' என்று வெட்டியிருந்தது. அந்த அய்யனார் சங்கரலிங்கம் வகையறாவுக்குக் குலசாமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆளே மாறிவிட்டார். "எனக்கு அப்பமே தெரியும்யா! அந்தம்மா நடையப் பாரு, நிமிந்து பாக்குற பார்வையப் பாரு. வேற யாருக்கு வரும்? நம்ம ரெத்தம்!" என்றார். எல்லோருக்கும் கேசரி வந்தது. நாகரத்தினம் பெயர் முதலாவதாக ஏறியது.

போன வாரம் வரைக்கும் அந்த நடையை அவர் பார்த்ததே கிடையாது. பெயர் ஏறியும் சுந்தரபாண்டிக்குக் கேசரி இறங்கவில்லை. இலையோடு மூடி வைத்தார்.

முனீஸ்வரன் சும்மா இருப்பானா? மறுநாளே வண்டியைக் கிளப்பிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பிடித்துவிட்டான். அடுத்த கூட்டத்துக்குச் சீட்டியடித்துக்கொண்டே படி ஏறினான்.

"அண்ணாச்சி, ஒங்க ரெத்தம் கத தெரியுமா? அந்தம்மாவுக்குக் கார் ஓட்டுனவருதான் அந்த ஊரு. அவரு சம்சாரத்துக்குப் பிரசவத்துல உசுருக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சாம். தாயும் புள்ளையும் பொழச்சா மணி கட்டுறேன்னு டிரைவரோட குலசாமி எதுன்னு கேட்டு அந்தம்மா நேந்துக்கிருச்சாம். பூசாரியோட அப்பாரு சொன்னதாம்."

"அப்ப அந்தம்மாவோட குலசாமி?"

"அதான் யாருக்குமே தெரியலையே! ஒங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல. அநாதக் கேசு" என்று தொடையில் தட்டிச் சிரித்தான்.

சங்கரலிங்கம் முகம் தொங்கிப்போனது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப எடுத்துருவோம். எதுக்கு வம்பு? அந்த எடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற மாதிரி வேற பேரு சொல்லுங்க" என்றார்.

சுந்தரபாண்டி எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து பேசியதே இல்லை.

"அண்ணாச்சி, காரு ஓட்டுனவன் புள்ளைக்கின்னு அம்புட்டுத் தூரத்துல இருந்து மணி அனுப்பியிருக்கு அந்தப் பொம்பள. இதக் கேட்டதும் பேர மொதல்ல போடணும்னுல தோணணும்? எடுக்கணும்னு எப்பிடித் தோணுது?"

"உக்காரும்யா. நீரு நம்மாளா இருந்துக்கிட்டு..."

"நடிச்சது நல்லாயிருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

முனீஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொன்னது, எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னது. "அண்ணனுக்கு இப்ப அப்பிடித்தான் பேசத் தோணும். மக வீட்டுக் கத அப்பிடி. பேத்தி பொறந்துருக்குல்ல, அதுக்கு எந்தச் சாமி கோயில்ல மொட்ட போடுறதுன்னே இன்னும் தெரியல. ஒங்க கணக்கா, எங்க கணக்கா, இல்ல அதுவும் அநாதக் கேசா?"

சிரிப்பு எழுந்தது. சங்கரலிங்கம்கூடச் சிரித்தார். அதுவரை எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு சிரிப்பில்தான்.

சுந்தரபாண்டியின் மகள் அனுசியா, பாலவனத்தத்தில் வேறு ஆளுகள் வீட்டுப் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பச்சைப் பிள்ளையைப் பார்க்கச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. சுந்தரபாண்டிக்கு அதைப் பற்றி வருத்தப்பட நேரம் இல்லை. காலையில் பேத்தி கொட்டாவி விடுவதைப் பார்ப்பார், பெத்தம்மாளைக் கூப்பிட்டுக் காட்டுவார், அதற்குள் கொட்டாவி முடிந்துவிடும், அடுத்ததுக்குக் காத்திருப்பார். பொழுது அப்படியே போய்விடும். மூட்டத்து வேலையில் காய்ப்புக் காய்த்த விரலை அது இறுகப் பிடித்தால், கையை எடுக்க மனசு வராமல் குத்தவைத்தே இருப்பார்.

அந்தப் பிள்ளையைத்தான் இவர்கள் இலையில் போட்டு மென்றார்கள்.

"முனீசு," என்றார். குரல் உயரவில்லை. "எம் பேத்தி பசிச்சா அழுகுது, பால் குடிச்சா தூங்குது. நீயும் பொறந்தப்ப அதத்தான் செஞ்சிருப்ப. பெறகு என்னத்தடா தின்னு இப்பிடி ஆன?"

"ஏண்ணே, வெளையாட்டுக்குச் சொன்னா..."

"அண்ணாச்சி, எம் பேர எடுத்துருங்க."

"நோட்டீசு அடிச்சாச்சேய்யா. பஸ்டாண்டுல பேனரும் கட்டியாச்சு. ஒரு பொம்பள பேருக்காக, அதும் செத்துப்போன கூத்தாடிக்காக..."

சுந்தரபாண்டி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார். படியிலேயே காறித் துப்பினார். அப்படித் துப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பஸ் நிலையத்துச் சுவர் நீளத்துக்குக் கட்டியிருந்தது பேனர். பழைய நாயகர்கள் மேலே மேகத்தில் மிதந்தார்கள். கீழே குழு உறுப்பினர்களின் முகங்கள், வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக. கடைசியில் சுந்தரபாண்டி. முனீஸ்வரன் கடையில் எடுத்த போட்டோ, முகத்தைச் சிவப்பாக்கியிருந்தான். கரி சுட்ட கறுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மற்றவர்கள் தோளோடு தோளாக அந்த முகம் இளித்துக்கொண்டு நின்றது.

எதிரே டீக்கடையில் ஒரு கத்தி கேட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டு, அவர் பேனரில் கத்தியை இறக்குவதைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஐயோ, பெரியவரே! அடுத்தவுக பேனரக் கிழிச்சா வெட்டு குத்தாகிப் போகும்!"

"அடுத்தவுகள எங்கப்பா தொடுறேன்? இது எம் மூஞ்சி."

"உசுரோட இருக்கவுக படத்த வெட்டப்படாதுய்யா. ஆகாது."

"இவுங்ய கூட நிக்கிறதுதான் ஆகாது."

பிளெக்ஸ் முரண்டு பிடித்தது. ஒரு கையால் இழுத்துப் பிடித்து, தோளோடு சேர்த்துச் சுற்றி அறுத்தார். பஸ்ஸுக்கு நின்ற சனம் வேடிக்கை பார்த்தது. யாரோ போனில் படம் எடுத்தார்கள். அறுத்து முடித்தபோது அந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது; சுவரில் பழைய சுண்ணாம்பும் வெற்றிலை எச்சிலும். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்ற சங்கரலிங்கத்தின் படத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

"யாருக்காகப் பெரியவரே இம்புட்டுக் கோவம்?" கத்தியை வாங்கிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்.

"டி. எஸ். நாகரத்தினம்னு ஒரு நடிக" என்றார் சுந்தரபாண்டி, பஸ்ஸுக்கு நிற்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

"எந்த ஊரு அவுக?"

மாஸ்டர் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை, வாய்ப்பழக்கத்தில் கேட்டார். அதுதான் சுந்தரபாண்டிக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அறுத்த முகத்தை நாலாக மடித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, மல்லாங்கிணறு பஸ் திரும்பி நிற்பதற்குள் ஓடி ஏறினார்.