பென்னலூர் வீட்டில் ஒரு பஞ்சிங் பேக்

பென்னலூர் சசிகலாவுக்கு நாற்பத்தொரு வயது. பத்து வருஷமாக சார்ஜர் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இத்தனை காலத்தில் சூப்பர்வைசரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. இந்த வருஷம் ஆண்டுவிழாக் குலுக்கலில் எல்லோருக்கும் ஹாட்பாக்ஸ் விழுந்தது. அவளுக்கு மட்டும், குத்துச்சண்டைக்காரர்கள் தொங்கவிட்டுக் குத்துகிற பஞ்சிங் பேக், ஒரு ஜோடி கையுறையோடு. மாற்றித் தரமுடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். மேடையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே எல்லோரையும் கைதட்டச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உறை. நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். அவள் கணவர் நடேசன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்; எதையும் யாரையும் கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. ஹாலில் ஃபேனைக் கழற்றி, அந்தக் கொக்கியில் உறையை மாட்டினார். மாடி கட்டி மிஞ்சிக் கிடந்த மணலைச் சொம்பு சொம்பாக அதில் கொட்டினார். முதலில் மாட்டிவிட்டு அப்புறம் நிரப்புகிற அந்த யோசனையில் அவருக்கு ரொம்பப் பெருமை.

சித்திரை வெயில். ஃபேன் இல்லாத ஹாலில் வியர்வை வழிய சசிகலா ஒரு குத்து விட்டாள். மூட்டை அசையவில்லை, மணிக்கட்டுதான் சுளுக்கிக்கொண்டது. நடேசன் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தோளால் முட்டினார். மூட்டை ஆடியது. கூடவே மேல்பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது.

மாடியில் குடியிருக்கும் சுடலைக்கண்ணு இறங்கி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஒரகடத்தில் ஃபிட்டர், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன். கொக்கியை அண்ணாந்து பார்த்தான். பிறகு தலையெல்லாம் சிமென்ட் பொடியாக நின்ற நடேசனைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இது ஃபேனுக்குப் போட்ட கொக்கி. சும்மா தொங்குத வெயிட்டு வேற, ஆடுத வெயிட்டு வேற. இன்னும் ரெண்டு முட்டு முட்டியிருந்தீயன்னா நான் கட்டிலோட கீழ வந்திருப்பேன்.”

மணலைக் குறைத்தால் போதாதா என்றார் நடேசன். மணலே ஆகாது, அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், பழைய துணிதான் வேண்டும் என்றான் அவன். ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினோடு வந்து, பைக் நிறுத்துகிற போர்டிகோவின் பீமில் தகடு வைத்து நாலு போல்ட் முறுக்கினான். தகட்டுக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். தானே அதில் தொங்கிக் காட்டினான்.

துணிக்காக சசிகலா பீரோவைத் திறந்தாள். நடேசனின் அக்கா ராஜாமணி தீபாவளிக்குத் தீபாவளி கொடுத்த புடவைகள் பதினொன்று மடிப்புக் கலையாமல் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கிளிப்பச்சையிலிருந்து ஆரம்பித்தாள். மிச்ச இடத்துக்கு நடேசனின் பழைய யூனிஃபார்ம்.

முதல் குத்துக்கே தொப்பென்று ஒரு சத்தம். மூட்டை போய்த் திரும்பி வந்தது. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நாற்பது குத்து குத்தினாள்.

“யார நெனச்சிக்கினு குத்துற?” என்றார் நடேசன்.

“யாரையும் இல்லங்க. சத்தம் நல்லா கீது.”

அவர் நம்பவில்லை. அன்றையிலிருந்து டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிறார்.

ஆடி மாசம் ராஜாமணி பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்தாள். கொடுத்த புடவையில் ஒன்றைக்கூட நீ கட்டி நான் பார்க்கவில்லையே என்று குறைப்பட்டாள். சசிகலா பொய் சொல்லத் தெரியாமல் விழித்து, கடைசியில் போர்டிகோவைக் கைகாட்டி உண்மையைச் சொல்லிவிட்டாள். நடேசன் நைசாக உள்ளே போய்விட்டார்.

ராஜாமணி பேக்கை ஒரு சுற்று சுற்றி வந்தாள். தட்டிப் பார்த்தாள்.

“அதெல்லாம் எங்க மாமியார் எனக்கு எடுத்துக் குடுத்ததுடி. வூட்ட வுட்டுப் போனா போதும்னுதான் உன் தலையில கட்டினேன்” என்றாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கையுறையைக் கேட்டாள்.

அவள் குத்திய குத்தில் ஸ்பிரிங் கிரீச்சிட ஆரம்பித்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சுடலைக்கண்ணு எண்ணெய் டப்பாவை எடுக்கப் போனான்.