காருக்குள் இருந்த வாசனை

என் கணவரிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால், அதுதான் மூத்தாள், நான் இளையாள் என்று ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கற்றுக்கொடுத்தாரே தவிர, சாவியைக் கொடுக்க மாட்டார்.

அந்தக் காரில் ஹீட்டர் உண்டு. பெங்களூரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. மனிதர் அதை ஏப்ரல் வெயிலில்தான் போடுவார். டிராஃபிக்கில் நின்று நின்று இன்ஜின் சூடேறினால், ஹீட்டரைத் திறந்துவிடுவார். அந்தச் சூட்டில் கொஞ்சம் எங்கள் மேல் இறங்கும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

"அதுக்கு ஜுரம் வந்திருக்கு. கொஞ்சம் நாம வாங்கிக்கலாம்," என்பார்.

பட்டுப்புடவையில் வெந்துகொண்டே நான் திட்டுவேன். அவர் சிரிப்பார்.

போன வருஷ மழையில் அவர் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து அவருடைய துணிகளையெல்லாம் மூட்டை கட்டி முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். மெத்தை உறை, போர்வை, துண்டு எதையும் விடாமல் துவைத்துக் காயப்போட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் வீட்டில் அவர் வாசனை ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை.

பிறகு ஒருநாள் குடையை எடுக்க ஷெட்டுக்குப் போய்க் கார்க் கதவைத் திறந்தேன். உள்ளே அவர் இருந்தார். சர்க்கரைப் பாகு அடுப்பில் லேசாகச் சிவக்கிறபோது வருமே, அது மாதிரி ஒரு இனிப்பு வாசனை. சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டால் இதே வாசனைதான் அடிக்கும். அன்றிலிருந்து ஜெபமாலை முடிந்ததும் போய், என் வழக்கமான இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வேன். என்ன சமைத்தேன், யார் வந்தார்கள் என்று சொல்லுவேன். மகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் காரிலேயே போவது என்று முடிவு செய்து, சில வாரங்களுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனி படிந்த மாதிரி மங்கிவிட்டது. இடது பக்கத் தரையில் வெந்நீர் தேங்கியிருந்தது.

அவர் காலத்திலிருந்து காரைப் பார்த்துவந்த மெக்கானிக் வந்தார். டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறதாம், ஹீட்டர் கோர் என்று பெயர். அதில் ஓட்டை.

"நம்ம ஊர்ல ஹீட்டர் யாருக்கு வேணும் மேடம்? சும்மா எதுக்கு டேஷ்போர்டு ஃபுல்லா கழட்டிக்கிட்டு. ரெண்டு ஹோஸையும் ஜாயின்ட் போட்டு, தண்ணி ஹீட்டருக்கே போகாம பைபாஸ் பண்ணிடறேன்," என்றார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஹீட்டர் இல்லாமல் அந்தக் காரைக் கொண்டுபோய் அவர் கல்லறைக்கு முன்னால் எந்த முகத்தோடு நிறுத்துவது? புது கோர்தான் வேண்டும் என்றேன். மெக்கானிக் ரேடியேட்டர் கடையில் பழையதைக் காட்டி, அதே அளவில் ஒன்று செய்யச் சொன்னார்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் இடது பக்கத்துக் கால்மிதியைத் தூக்கி, அடியில் சொதசொதவென்று ஊறிக் கிடந்த விரிப்பை வெளியே இழுத்தார். என் வீட்டுக்காரர் வாசனை முகத்தில் அடித்தது.

"இது என்ன வாசனை?" என்று கேட்டேன்.

"கூலன்ட் மேடம், ரேடியேட்டர்ல ஊத்துவமே, அந்தப் பச்சைத் தண்ணி. வருஷக்கணக்கா ஒழுகியிருக்கு. சார் சட்டைலகூட அடிக்கும்."

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு என் வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. ஒழுகுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கடைசியில் பயம்தான் மிஞ்சியது.

"அந்த விரிப்பை அப்படியே விட்டுவைக்க முடியாதா?"

"விட்டா தகரம் துருப்பிடிச்சுத் தரையே போயிடும் மேடம்."

விட்டுவைத்தால் அவருடைய கார் போய்விடும், எடுத்தால் அவர் போய்விடுவார். ஒர்க்‌ஷாப்பில் நின்று இதை யாரிடம் சொல்ல முடியும்?

"எடுத்துடுங்க," என்றேன்.

கல்லறைத் திருநாளன்று தூறிக்கொண்டிருந்தது. இடது சீட்டில் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஹோசூர் ரோட்டு நெரிசலில் இன்ஜின் சூடேறியதும் ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். கண்ணாடி மங்கவில்லை. கால் நனையவில்லை. சுத்தமான அனல் வந்தது. முழு ஜுரத்தையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தி, இடது சீட்டுக்கு மாறிக் கதவைச் சாத்தினேன். மூச்சை நன்றாக இழுத்தேன். சோப்பு வாசனை. காலையில் என்ன சமைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். கேட்க அங்கே ஆள் இல்லை.

அப்போது மகள் போன் செய்தாள். கல்லறைக்குப் போனதை விசாரித்துவிட்டு, "ஹீட்டர் வேலை செய்யுதாம்மா?" என்றாள்.

"நல்லா வேலை செய்யுது. அப்பாதான் இல்ல," என்றேன்.

எப்போதும் சொல்கிற ஆறுதலைச் சொன்னாள். அவர் செத்த செய்தியை நான் இப்போதுதான் சொல்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?